கிருமி செத்தாலும் நஞ்சு சாகாது

குலதெய்வக் கோயிலுக்கு உத்திரமேரூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போயிருந்தோம். விடியற்காலை 4 மணிக்கே சோறு வடித்து, தேங்காய் சாதமாகக் கிளறி, அண்டாவோடு மூடி வேனில் ஏற்றியாயிற்று. மதியம் 1 மணிக்குத் திறந்தால் அண்டா அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. சித்தி முகர்ந்து பார்த்தார். “ஒரு தரம் நல்லா சுட வெச்சிடலாம்பா, கிருமியெல்லாம் செத்துடும்” என்றார். ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். 4 மணிக்குள் 9 பேருக்கு வாந்தி.

சித்தி சொன்னதில் பாதி சரி. கிருமி செத்திருக்கும். ஆனால் கிருமி வேறு, அது உண்டாக்கிவிட்டுப் போகும் நஞ்சு வேறு. இந்த வேறுபாட்டைக் காலராவில் நிரூபித்துக் காட்டியவர் ஓர் இந்தியர்.

முயல் குடலில் ஒரு முடிச்சு

சம்பு நாத் டே 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1949-ல் ஊர் திரும்பினார். சுற்றிலும் காலரா.

ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1884-ல் அதே கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார். அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்று ஊகித்தும் இருந்தார். எழுபது ஆண்டுகளாகியும் அதை யாராலும் காட்ட முடியவில்லை. பலரும் விலங்குகளின் ரத்தக்குழாயிலும் வயிற்று அறையிலும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். டே, நோய் நடக்கும் இடத்துக்கே போனார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு அரிசி களைந்த தண்ணீர் போன்ற திரவத்தால் உப்பியிருந்தது. இது 1953-ல் வெளியானது. 1959-ல் இன்னும் ஒரு படி போய், கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கி, அந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஒரு கிருமிகூட இல்லாமல் நோய்!

எளிய வசதிகளோடு செய்த வேலை இது. நோபல் பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க், டேயின் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது டே ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985-ல் காலமானார். உயிரோடு இருந்தவரை நம் நாடு அவரைப் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உப்பும் சர்க்கரையும்

காலரா நஞ்சு குடலைக் கிழிப்பதில்லை. தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்ட வைக்கிறது. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இதை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்தார். அவர் பார்வையில் இருந்த நோயாளிகளிடையே இறப்பு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பேதி கண்டவருக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, வாய் வாயாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி.

அண்டாவுக்குள் என்ன நடந்தது?

எங்கள் சோற்றை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் சோற்றில் இப்படிச் செய்வதற்கென்றே பெயர்போன கிருமி ஒன்று உண்டு: பேசிலஸ் செரியஸ். அதன் விதை போன்ற வித்துகள் உலைக் கொதிப்பிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. சமைப்பவரின் விரல் புண்ணிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் அப்படியே. காலரா நஞ்சு சூட்டில் அழியக்கூடியது. முன்னே சொன்ன இரண்டு நஞ்சும் வேறு ஜாதி.

ஆகவே சமைத்ததை ஆவி பறக்கும் சூட்டில் (60 டிகிரிக்கு மேல்) வையுங்கள், அல்லது அகலமான தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே 2 மணி நேரம்தான் கணக்கு. சித்திரை வெயிலில் அதுவும் அதிகம். பழைய சோறு வேறு சங்கதி. நல்ல தண்ணீர் ஊற்றிப் புளிக்கும்போது லாக்டிக் அமிலம் கெட்ட கிருமிகளை மட்டுப்படுத்துகிறது.

ஏரி வாரியம் இருந்த ஊர்

சோற்றைப் போலவே தண்ணீரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பேசப்படுகின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தனியே எடுத்ததும் அந்தக் கல்வெட்டுகளில்தான் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அன்றே நினைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை இன்றும் தேவை: 1992 கடைசியில் ஓ139 என்ற புதிய காலரா வகை முதலில் தலைகாட்டியது நம் சென்னையில்தான். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது வருகிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த ஆடியிலும் குலதெய்வத்துக்குப் போனோம். வேனில் அரிசி மூட்டையும் காலிப் பாத்திரங்களும் கேன் தண்ணீரும் ஏறின. கோயில் வேப்பமரத்தடியில் சித்தியே உலை வைத்தார். வடித்த கையோடு பந்தி.