35 வெள்ளிக்கு வாங்கிய ஏமாற்றம்

வாசகர்களே, உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கோரிக்கை உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "அம்மா, அந்த கேம் அடுத்த பாகம் வந்துருச்சாம், வாங்கிக் குடுங்கம்மா." முதல் பாகத்தில் பிள்ளை சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் நாம். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிச் சம்பளக் கவரைப் பிரிக்கிறோம். அப்படிப் பிரித்த ஒரு கவரின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1993-ஆம் ஆண்டு. ஜித்ராவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீடொன்றில் நாங்கள் இருந்தோம். அம்மா பால் வெட்டுக்குப் போவார். நான் அலோர் ஸ்டாரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தம்பி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. பினாங்கில் ஃபேக்டரி வேலை பார்த்த எங்கள் மாமா ஒரு தீபாவளிக்கு 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தைவானிலிருந்து வந்த அந்தப் பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட்டைச் செருகினால் விளையாடலாம். அதோடு வந்த கேசட்டில் இருந்த ஒரு விளையாட்டுதான் 'கான்ட்ரா'.

அதை விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-இல் அதைக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாக வெளியிட்டது. மறு ஆண்டே வீட்டுப் பெட்டிக்கும் வந்துவிட்டது. பில், லான்ஸ் என்று இரண்டு போர்வீரர்கள். காட்டில் புகுந்து, கோட்டைகளை உடைத்து, பனிமலை தாண்டி, வேற்றுக் கிரகத்து எதிரியின் இருப்பிடம் வரை போய் அவனை ஒழிக்க வேண்டும். மொத்தம் எட்டுக் கட்டங்கள். கையில் மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும். இடையில் எழுத்துப் பொறித்த சின்னங்கள் பறந்து வரும். அவற்றில் 'எஸ்' என்பதை எடுத்தால் விசிறி விரித்த மாதிரி ஐந்து குண்டுகள் ஒரே நேரத்தில் பாயும். எங்கள் வீட்டில் சண்டை வந்ததெல்லாம் அந்த 'எஸ்'ஸுக்காகத்தான்!

இருவர் ஒரே நேரத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஆடலாம் என்பதே அதன் பெரிய அழகு. மூன்றாம் கட்டத்தில் ஓர் அருவி வரும். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே நகரும், கீழே பின்தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். ஆகவே முன்னால் போகிறவன் நின்று, தம்பி வந்து சேரும்வரை காத்திருந்து ஏற வேண்டும். நான் காத்திருக்காமல் ஏறி அவனைச் சாகடித்த இரவுகள் எத்தனையோ. "அண்ணே, மெதுவா ஏறுண்ணே!" என்று அவன் போடும் கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். அந்த விளையாட்டில் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும் வசதி கிடையாது. எட்டாம் கட்டத்தில் நின்றாலும் சரி, விளக்கு அணைந்தால் மறுநாள் மீண்டும் காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படியிருக்க, முப்பது உயிர் தரும் அந்த மந்திரம் எங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. தொடங்கும்முன் இந்த வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகும். இதைக் கண்டுபிடித்தவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் 'கிராடியஸ்' என்ற விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, சோதித்துப் பார்ப்பதற்கே தமக்கு அது கஷ்டமாக இருந்ததால் இந்தக் குறுக்கு வழியை வைத்தாராம். உருவாக்கியவருக்கே கஷ்டமென்றால் நாங்கள் எம்மாத்திரம்! அவர் 2020-இல் காலமானார். செய்தி வந்தபோது தம்பி எனக்குப் போன் செய்து சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆண்டு யு.பி.எஸ்.ஆர். சோதனையில் நன்றாகச் செய்தால் 'புதுக் கான்ட்ரா' வாங்கித் தருவதாக அம்மா தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவனும் நன்றாகவே செய்திருந்தான். ஜித்ரா பசார் மாலாமில் கேசட் விற்கும் ஒருவரிடம் விலை கேட்டேன். 35 வெள்ளி. அம்மா 20 வெள்ளியை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் விடியற்காலைப் பனியில் மரம் மரமாய் நடந்து வெட்டிய கூலி அது. மீதி 15 வெள்ளி என்னுடையது. கேசட்டின் மேல் 'கான்ட்ரா ஃபோர்ஸ்' என்று எழுதியிருந்தது. "இது புதுசு, இதிலே நாலு ஆளு" என்றார் விற்றவர்.

அவர் பொய் சொல்லவில்லை. பர்ன்ஸ், ஸ்மித், அயர்ன், பீன்ஸ் என்று நான்கு பேர் இருந்தார்கள். வேண்டியபோது ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான ஆயுதம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பழையதைவிட இதுவே மேல் என்று தோன்றும். ஆனால் திரையில்? பில்லும் இல்லை, லான்ஸும் இல்லை. வேற்றுக் கிரகத்து எதிரியும் இல்லை. துறைமுகத்திலும் கட்டடங்களிலும் சாதாரண அடியாட்களோடு சண்டை. பறந்து வரும் 'எஸ்'ஸுக்குப் பதிலாகக் கீழே கிடக்கும் பெட்டிகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துத்தான் துப்பாக்கியைப் பலப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மந்தம்! திரையில் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டால் போதும், எல்லாம் இழுத்துக்கொண்டு நகரும். உருவங்கள் மினுக்கி மினுக்கி மறையும். வெற்றிலை இடித்துக்கொண்டே எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, இந்த ஆளுங்க பட்டினி கெடந்தவங்க மாதிரி நடக்குறாங்க?" என்று கேட்டார்.

தம்பி சிரித்தான். "இல்லம்மா, நல்லாருக்கும்மா" என்றான். அந்த வாரம் முழுக்கத் தினமும் மாலையில் அதையே போட்டு விளையாடினான். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அவனுக்காவது பிடித்திருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஓர் இரவு நான் வேலை முடிந்து பிந்தி வந்தேன். வாசலில் நிற்கும்போதே சத்தத்தில் தெரிந்துவிட்டது, உள்ளே ஓடுவது பழைய கான்ட்ரா. என் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் அவசர அவசரமாகக் கேசட்டை மாற்றினான். ஏன் மறைத்தாய் என்று நான் அப்போது கேட்கவில்லை. பல வருடம் கழித்து அவனே சொன்னான்: "அது அம்மா மரம் வெட்டுன காசுண்ணே. நல்லால்லைன்னு எப்படிச் சொல்றது?"

அந்த விளையாட்டு ஏன் அப்படி இருந்தது என்பதையும் பிற்பாடுதான் அறிந்துகொண்டோம். உண்மையில் அது கான்ட்ராவே அல்ல! 'ஆர்க் ஹவுண்ட்' என்ற பெயரில், கான்ட்ராவோடு சம்பந்தமில்லாத தனி விளையாட்டாக ஜப்பானில் வெளிவருவதற்குத் தயாரானது. அங்கே வெளியீடு கைவிடப்பட்டது. 1992-இல் வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, பெயர்பெற்ற கான்ட்ராவின் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்கள். தனிப் பெயரிலேயே வந்திருந்தால், சுமாரான விளையாட்டு என்று சொல்லிவிட்டு எல்லாரும் மறந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பெயரைப் பார்த்து ஆசையோடு உட்கார்ந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இரண்டாவது என்றாலே மோசம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 1988-இல் கடைப்பெட்டியாக வந்து, 1990-இல் 'சூப்பர் சி' என்று அமெரிக்க வீடுகளுக்குப் போன இரண்டாவது விளையாட்டு அருமையானது. அதில் பழைய மந்திரம் பலிக்காது. வேறு வரிசை, உயிரும் பத்துதான். ஆனால் வேகமும் விறுவிறுப்பும் குறையவில்லை. கான்ட்ரா ஃபோர்ஸ் வந்த அதே 1992-இல் 'சூப்பர் ஃபேமிகாம்' பெட்டிக்கு வந்த மூன்றாம் கான்ட்ராவோ, இன்றும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் விளையாட்டு. ஒரே ஆண்டில், ஒரே பெயரில், ஒன்று தங்கம், மற்றது தகரம். பசார் மாலாமில் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்?

அதன்பின் இந்தப் பெயர் விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து வந்திருக்கிறது. 1996-இல் 'லெகசி ஆஃப் வார்' என்று முப்பரிமாணத்தில் ஒன்று வந்தது. அதைத் தயாரிக்கும் பொறுப்பு வெளியார் கைக்குப் போனது. சிவப்பும் நீலமுமான கண்ணாடி ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள், கண்ணாடியாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 2002-இல் பழைய பாணிக்குத் திரும்பிய 'ஷேட்டர்ட் சோல்ஜர்' மானத்தை மீட்டது. 2019-இல் வந்த 'ரோக் கார்ப்ஸ்' மறுபடியும் கவிழ்த்தது. அதில் ஆடக்கூடிய வீரர்களில் ஒருவர் பாண்டா கரடி! இதில் என் மனத்தை உறுத்துவது என்னவென்றால், ரோக் கார்ப்ஸை இயக்கியவர் யாரோ புதியவர் அல்ல. புகழ்பெற்ற மூன்றாம் கான்ட்ராவை இயக்கிய அதே நோபுயா நாகசாட்டோதான். பெயரும் அதே, ஆளும் அதே, ஆனாலும் அது வரவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

அதே 2019-இல் பழைய கான்ட்ராக்களைத் திரட்டி ஒரு தொகுப்பாகவும் கொனாமி வெளியிட்டது. பத்து விளையாட்டுகள் அதில் உண்டு. கான்ட்ரா ஃபோர்ஸ் இல்லை. பெற்றவர்களே அந்தப் பிள்ளையைக் கூப்பிடவில்லை!

உங்கள் பிள்ளை கேட்கும்போது நீங்கள் எங்களைப்போல் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. இன்று எந்த விளையாட்டையும் யாரோ ஒருவர் விளையாடுவதைக் கைப்பேசியிலேயே முழுதாகப் பார்த்துவிடலாம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பாருங்கள். அட்டைப்படத்தை நம்பாதீர்கள், அவன் முகத்தைப் பாருங்கள். அப்படியும் வாங்கியது சரியில்லாமல் போனால், "நல்லால்லைன்னா சொல்லுடா, அம்மா கோவிச்சுக்க மாட்டேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை.

போன தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு ஜித்ரா வந்திருந்தான். தோட்டத்து வீடெல்லாம் எப்போதோ போய்விட்டது, இப்போது டவுனில் தாமான் வீட்டில் இருக்கிறோம். தம்பி மகன் கொண்டுவந்த பெட்டியில் அந்தப் பழைய தொகுப்பு இருந்தது. முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நானும் தம்பியும் உட்கார்ந்தோம். அருவிக் கட்டம் வந்தது. கை பழைய பழக்கத்தில் வேகமாக ஏறிவிட்டது. அவன் கீழே விழுந்து செத்தான். "அண்ணே!" என்ற கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சற்று நேரம் திரையையே பார்த்தார்.

"இந்த ஆளுங்க நல்லா சாப்பிட்டுட்டு ஓடுறாங்களே" என்றார்.