பாரிஸ் படகும் ஒன்பது மணி சொட்டு மருந்தும்

கடலூரில் குடியிருக்கும் நான், பாரிஸ் போய் ராத்திரி நேரத்தில் ஆற்றுப் படகில் சுற்றி வந்ததை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள், சகோதரிகளே!

நான் சாதாரண இல்லத்தரசி. என் கணவர் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஒரே மகள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தவர்களில் மாப்பிள்ளையின் தாத்தாவும் ஒருவர். மாப்பிள்ளைக்கு பாரிசில் வேலை. 'வாங்க, வாங்க' என்று நாலு வருடமாகக் கூப்பிட்டு, 2025 செப்டம்பரில்தான் போக முடிந்தது.

ஏன் நாலு வருடம் தள்ளிப் போட்டோம் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அவருக்கு கண்ணில் குறை. முதலில் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். தெருவில் எதிர் வீட்டு மாமி சிரித்தால் கண்டுகொள்ளாமல் போவார். "ரிட்டயர் ஆனதும் தலைக்கனம் வந்துடுச்சா உங்களுக்கு?" என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! ஒரு நாள் சைக்கிளில் போனவர், பக்கவாட்டில் வந்த ஆட்டோவைப் பார்க்காமல் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். குளுக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயிருக்கிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகுமாம். நேரே இருப்பது தெரிவதால் மனிதனுக்கே தெரியாதாம். பேப்பரைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்தத்தான் மருந்து. ஒரு நாளும் விடக் கூடாது" என்றார் டாக்டர். அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. அது என் வேலை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இது குடும்பத்துல வரக்கூடியது. கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க." அவருடைய தம்பிக்குச் சொன்னோம். மகளுக்குச் சொல்லவில்லை. "தூர தேசத்துல இருக்கற பொண்ணு, கவலைப்படுவா. நேர்ல போறப்ப பக்குவமா சொல்லிக்கலாம்" என்று இவர் சொல்ல, நானும் தலையாட்டிவிட்டேன். நேரில் போயும் இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை.

அங்கேதான் மாப்பிள்ளை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அத்தை, நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் படகுல டிக்கெட் போட்டிருக்கேன். ராத்திரி எட்டு மணி படகு. லைட்டெல்லாம் போட்டா ஊரே வேற மாதிரி இருக்கும்." மகள் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஹனிமூனே கிடையாதாமே, பாட்டி சொல்லியிருக்காங்க. போய்ட்டு வாங்க" என்றாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த நோய்க்காரர்களுக்கு இருட்டில் இன்னும் சிரமம். பகல் படகு என்றால் பரவாயில்லை. அதை எப்படிச் சொல்வது? டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "இவ்வளவு காசா, வேண்டாம்" என்று சாக்குச் சொன்னேன். எடுபடவில்லை. நல்ல வேளை, மெழுகுவர்த்தி ஏற்றிச் சாப்பாடு போடும் படகுக்கு எடுக்கவில்லை. அதன் விலை பல மடங்கு!

ஈபிள் டவர் காலடியில்தான் படகுத்துறை. ரோட்டிலிருந்து கல் படி இறங்க வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் மேலேயே டாட்டா காட்டிவிட்டு நடக்கப் போய்விட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்கு நாலடி முன்னால் நடக்கிற மனிதர், அந்தப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை படின்னு எண்ணிச் சொல்லு" என்றார். சொன்னேன்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குள் உட்காராதீர்கள். உள்விளக்கு கண்ணாடியில் பட்டு வெளியே ஒன்றும் சரியாகத் தெரியாது. மேல்தளத்தில் திறந்த இடத்தில் உட்கார்ந்தோம். செப்டம்பரிலேயே காற்று ஊசி மாதிரி குத்துகிறது. நான் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். சுற்றிலும் இளஞ்ஜோடிகள். ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர்களுக்கு நடுவில், இருமுடி கட்டிய மாதிரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நான்!

படகு கிளம்பியதும்தான் எங்கள் சங்கடம் புரிந்தது. பார்க்க வேண்டியதெல்லாம் வலது கரையிலும் இடது கரையிலும். இவருக்குத் தெரிவதோ நேரே உள்ள தண்ணீர். "நான் சொல்றேங்க. நீங்க கழுத்தைத் திருப்புங்க" என்றேன்.

ஒரு பாலம் வந்தது. அதன் தூணோடு ஒட்டி ஒரு கல் சிப்பாய் நிற்கிறான். அதைச் சொன்னேன். "அல்மா பாலம். வெள்ளம் வந்தா அந்தச் சிப்பாய்க்கு எவ்வளவு தண்ணின்னுதான் இந்த ஊர்ல அளவு. 1910 வெள்ளத்துல தோள் வரைக்கும் ஏறிடுச்சு" என்றார். அடுத்து, உயரமான தூண்களின் மேல் றெக்கை வைத்த தங்கக் குதிரைகள். "அப்ப அது மூன்றாம் அலெக்சாண்டர் பாலம். ரஷ்ய ஜார் பேரு. 1900 கண்காட்சிக்குக் கட்டினது." எனக்குக் கண் இருக்கிறது, விவரம் தெரியாது. அவருக்கு விவரம் தெரியும், கண்ணில் அகப்படாது. ஆக, ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒலிபெருக்கியில் இங்கிலீஷும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டு வாத்தியாருக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

இடது பக்கம் பெரிய சதுக்கம், விளக்கு வெளிச்சத்தில் எகிப்துக் கல்தூண். "அங்கதான்... 1793 ஜனவரி 21, பதினாறாம் லூயியை கில்லட்டின்ல வெச்சது. அதே வருஷம் அக்டோபர் 16-ல ராணியை" என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னார். முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட இடம். அதை ஒட்டிய பாலத்தின் கீழே படகு நுழையும்போது ஒலிபெருக்கியில் ஒன்று சொன்னார்கள். பாஸ்டில் சிறையை இடித்த கல்லை இந்தப் பாலம் கட்ட எடுத்துக்கொண்டார்களாம், 1791-ல் முடித்தார்களாம். இது அவருக்கே தெரியாது! "என்னது?" என்று எழுந்தே விட்டார். நான் இழுத்து உட்கார வைத்தேன். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். படகின் விளக்கு வெளிச்சம் பாலத்தின் அடிப்பக்கக் கல்லில் பட்டு நேர் எதிரே தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமல் அவரே பார்த்தார். பாலம் தாண்டியும் தலையை இறக்கவில்லை.

லூவ்ர் அரண்மனை முடியவே முடியாத நீளம். அப்புறம் ஒரு நடைபாலம். காதலர்கள் பேரெழுதிப் பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போடுவார்களாம். பாரம் தாங்காமல் 2014-ல் கைப்பிடிக் கம்பியில் ஒரு பகுதி விழுந்தே விட்டதாம். 2015-ல் அத்தனையும் கழற்றினார்கள், நாற்பத்தைந்து டன் இருந்ததாம். நம் ஊரில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறோமே, அது எவ்வளவோ மேல். மரத்துக்குப் பாரமில்லை. அதற்கடுத்தது 'புதுப் பாலம்' என்று பேர், ஆனால் பாரிசில் இன்று நிற்பதில் அதுதான் பழசு, 1607-ல் திறந்தது.

நோத்ர தாம் தேவாலயம் இடது பக்கம். 2019 ஏப்ரலில் அது தீப்பிடித்து எரிந்ததை டி.வி.யில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஊசிக் கோபுரம் முறிந்து விழுந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். "கோபுரம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குங்க. நுனி வரைக்கும் இருக்கு" என்றேன். "ம்" என்றார், அவ்வளவுதான். இதே ஆற்றில்தான் 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில், கொட்டும் மழையில் நம்ம சென்னை சரத் கமல் சிந்துவோடு கொடி பிடித்துப் படகில் போனார் என்று நான் நினைவுபடுத்தினேன். எனக்கும் ஏதாவது தெரிய வேண்டாமா?

ஒரு தீவைச் சுற்றிப் படகு திரும்பியது. குனிந்த மாதிரி ஒரு பழைய பாலம். அதன் கீழே முத்தம் கொடுத்துக்கொண்டால் ஜோடி பிரியாது என்று நம்பிக்கையாம். சுற்றிலும் ஒரே ஆரவாரம். நான் மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. மரி பாலமாம்." "மேரி அன்டாய்னெட்டா?" "இல்லீங்க, கட்டினவர் பேராம்." "அதுக்கா இந்தக் கத்து கத்தறாங்க?" என்றார். பதில் சொல்லவில்லை நான்!

மேரி அன்டாய்னெட் இருந்த சிறை அதற்குக் கொஞ்சம் அப்பால், ஆற்றோரத்திலேயே. கூம்புத் தொப்பி வைத்த உருண்டைக் கோபுரங்கள். "மகனைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டாங்க. அப்புறம் ஆகஸ்ட்ல இங்க கொண்டாந்து அடைச்சாங்க. பொண்ணைக்கூட திரும்பப் பார்க்கலை" என்றார். ராணி நல்லவளா கெட்டவளா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுவரைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவரே, "நம்ம பொண்ணுகிட்ட நாளைக்காவது சொல்லணும்" என்றார்.

ஈபிள் டவர் மறுபடி கண்ணில் பட்ட நேரம், அவர் சட்டைப் பையில் போன் அலாரம் அடித்தது. ஒன்பது மணி! கையைத் துடைத்துக்கொண்டு மருந்தை எடுத்தேன். "கரைக்குப் போய்ப் போட்டுக்கறேனே" என்றார். "அண்ணாந்து பாருங்க" என்றேன். படகு ஆட ஆட ஒரு வழியாக இரண்டு கண்ணிலும் விட்டு, இமையை மூடி, மூக்கோரத்தில் விரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நிமிஷமாவது மூடியிருக்க வேண்டும். சரியாக அப்போது டவர் முழுக்க ஆயிரக்கணக்கில் விளக்குகள் மின்னத் தொடங்கின. இருட்டின பிறகு மணிக்கு ஒரு தடவை ஐந்தே நிமிஷம்தான் அப்படி மின்னும். படகே எழுந்து நின்று கை தட்டியது.

"என்ன? என்ன?" "மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருக்குங்க. அடியிலேர்ந்து நுனி வரைக்கும். கண்ணைத் திறக்காதீங்க!" நான் டவரைப் பார்க்கவில்லை, வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் முடிந்ததும், "இப்ப திறங்க, நேரே" என்று அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். அத்தனை பெரிய டவர், நட்ட நடுவில். ஓரப் பார்வையே வேண்டாம். வாயைத் திறந்தபடி பார்த்தார். பின்சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்களும் முத்தம் கொடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாளோ என்னவோ!

கரை ஏறும்போது மறுபடி படி எண்ணினேன். மேலே நின்ற மகள், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, "ஐயோ அப்பா!" என்று கத்திக்கொண்டே போட்டோ எடுத்தாள். "நாளைக்கு" என்று சொன்ன மனிதர் அங்கேயே, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் முதலில் அழுதாள். பிறகு கோபம் வந்தது. "எனக்கும் வரலாம்னு டாக்டர் சொல்லியும் மறைச்சீங்களாம்மா?" என்று என்னைத்தான் கேட்டாள். நியாயம்தானே. பதில் இல்லை.

அடுத்த வாரமே பரிசோதனைக்குப் போனாள். அழுத்தம் சரியாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் எடுத்த அந்தப் போட்டோவை மாப்பிள்ளை சட்டம் போட்டுக் கொடுத்தார். கடலூரில் எங்கள் கூடத்துச் சுவரில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "இந்த வயசுல கையைக் கோத்துக்கிட்டு பாரிஸா!" என்று கேலி செய்கிறார்கள். படி எண்ணிக்கொண்டு வந்தோம் என்று இவர் ஒருவரிடமும் சொல்வதில்லை.

- ஒரு வாசகி, கடலூர்.