சேரிக்கும் ஒரு புள்ளி வேண்டும்

புதுச்சேரி நகரத்தின் பழைய வரைபடத்தைப் பார்த்தால் முட்டை வடிவில் ஒரு வளையம் தெரியும். அதைச் சுற்றி புல்வார் சாலைகள். உள்ளே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம், வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் குடியிருந்த கறுப்பர் நகரம். உப்பளம் இந்த வளையத்துக்குள் இல்லை. தெற்கே, வளையத்துக்கு வெளியே இருக்கிறது. கடல்நீர் ஏறி உப்பு விளையக்கூடிய தாழ்ந்த தரை இது என்பதை ஊரின் பெயரே சொல்லிவிடுகிறது.

யாருக்கு மேட்டு நிலம், யாருக்குப் பள்ளம் என்பதை வரைபடம் வாய் திறக்காமல் காட்டும். அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கக் கற்றுத் தரும் பாடத்தின் பெயர் புவியியல். நம் பிள்ளைகள் பலருக்கு அது பத்தாம் வகுப்பில் நதிகளையும் துறைமுகங்களையும் படத்தில் குறித்து மதிப்பெண் வாங்கும் பாடம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஆனால் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியையும் எழுப்புகிறார். அது ஒரு புவியியல் கேள்வி.

தூய லூயி வீதியில் நடந்த வேலை

உப்பளத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் தூய லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1955இல், இந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் காடுகளின் தாவர வரைபடங்களால் பெயர் பெற்ற இடம் இது.

1990களின் பிற்பகுதியில் இங்கே வேறொரு வரைபட வேலை நடந்தது. மக்கள்தொகை ஆய்வாளர் கிறிஸ்தோப் கில்மோத்தோ முன்னின்று நடத்திய அந்தத் திட்டத்தில் தென் மாநிலங்களின் சுமார் 75,000 கிராமங்களைக் கணினியில் ஏற்றினார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் இருந்த எண்களை, அந்தக் கிராமம் இருக்கும் இடத்தோடு இணைத்தார்கள். எண்ணும் இடமும் சேர்ந்த இத்தகைய ஏற்பாட்டைப் புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்கிறார்கள்.

அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் செபாஸ்தியன் ஒலிவோ. பிற்பாடு பிரான்ஸில் எக்ஸ்-மார்செய் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர். ஒரு கிராமம் நகரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அந்தத் தொலைவுக்கும் கிராமத்தின் மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பதே தென்னிந்தியாவை வைத்து அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு. வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது தொலைவையும் அளக்க வேண்டும் என்பது நமக்கு இதில் கிடைக்கும் பாடம்.

ஒரு கிராமம், ஒரு புள்ளி

இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. தொலைவை எங்கிருந்து அளப்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். ஊரும் சேரியும் அதற்குள் அடக்கம். அட்டவணையில் ஒரு வரி, படத்தில் ஒரு புள்ளி. அந்தக் கிராமத்தில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பு சொல்லும். அவர்கள் கிராமத்தின் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று சொல்லாது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர். 100க்குக் கிட்டத்தட்ட 16 பேர். தமிழ்நாட்டில் 100க்கு 20 பேர். இவர்களில் கிராமங்களில் வாழும் அத்தனை பேரும் ஏதோ ஒரு கிராமப் புள்ளிக்குள் அடங்கிப் போகிறார்கள்.

அதனால் என்ன நட்டம்? ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பள்ளி ஊருக்குள் இருக்கிறது. காலனி வயல்வெளி தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. கிராமத்தில் பள்ளி இருக்கிறது என்று கணக்கெடுப்புப் பதிவில் ஏறிவிடும். பள்ளி இல்லாவிட்டாலும் அருகிலுள்ள பள்ளியின் தொலைவுக்கு 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10க்கு மேல் என்று மூன்றே பிரிவுகள். கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளோ, ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும் தொலைவில் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. புள்ளியை ஊரில் வைத்தால் விதி நிறைவேறிவிட்டது. காலனியில் வைத்தால் நிறைவேறவில்லை. மழைக்காலத்தில் வரப்பு வழுக்கி விழும் ஆறு வயதுக் குழந்தையின் உரிமை, அந்தப் புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம், பேருந்து நிற்கும் இடம், மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஒஹாயோவில் சாட்சி சொன்ன வரைபடம்

வரைபடம் வழக்கை வெல்லுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டி கோல் ரன் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். சுற்றியுள்ள வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தும் இவர்களுக்குப் பல பத்தாண்டுகள் வரவில்லை. மழைநீரைத் தேக்கியும், வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தும் காலம் தள்ளினார்கள். செலவு, தொலைவு, நிலத்தின் அமைப்பு என்று காரணம் சொல்லப்பட்டது.

மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். எந்த வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு இருக்கிறது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற இரண்டு விவரங்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்றிக் காட்டினார்கள். குழாய் எங்கே நின்றது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2008 ஜூலையில் நடுவர் குழு மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 67 பேருக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது நீர்நிலை, குழாய், பாதை, சுடுகாடு, இடுகாடு ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது குற்றம் என்று அது விரித்துச் சொல்கிறது. சட்டத்தின் முன் நிற்கும்போது வாய்மொழிச் சாட்சி மிரட்டலுக்குப் பயந்து பின்வாங்கலாம். அளந்து, தேதி போட்டு, புல எண்ணோடு வரைந்த படம் பின்வாங்காது.

மாணவர் கையில் என்ன இருக்கிறது?

முன்பு இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியிருந்தது. இன்று அப்படியில்லை. இஸ்ரோ 2009இல் தொடங்கிய 'புவன்' தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைச் சாதாரணக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். கைப்பேசியே இடத்தைக் குறித்துத் தரும். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்பு இருந்த அனுமதிக் கெடுபிடிகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டன. வருவாய்த் துறையின் புலப்படம், பதிவேடு ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

ஒரு கல்லூரி வகுப்பு ஒரு பருவத்தில் மூன்று காரியங்களைச் செய்ய முடியும். காலனியின் நடுவிலிருந்து பள்ளி, கடை, சுடுகாடு வரை உண்மையில் நடக்கும் பாதையைக் குறிப்பது முதலாவது. படத்தில் நேர்கோடு 600 மீட்டர் இருக்கும். யாருடைய வயலிலும் கால் வைக்காமல் சுற்றிப் போனால் அது இரு மடங்காகலாம். மழைநீர் நிற்கும் இடத்தையும் நாளையும் குறிப்பது இரண்டாவது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது. எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதிப் படமாக்கினால் அது தரவு. புலப்படத்தில் இருக்கும் பாதையும் இன்று தரையில் இருக்கும் பாதையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பது மூன்றாவது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரின் வீட்டை அவரைக் கேட்காமல் படத்தில் ஏற்றினால், நாளைக்கு அதுவே வெளியேற்ற நோட்டீசுக்கு வழிகாட்டலாம். ஆகவே எதைக் குறிப்பது, யாரிடம் காட்டுவது என்பதைத் தெரு மக்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். படம் முதலில் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்த பிள்ளை புவியியல் எடுக்கிறேன் என்றால் வேலை கிடைக்குமா என்று தயங்குகிறோம். நில அளவை, நகரமைப்பு, பேரிடர் மேலாண்மை, வனம், நீர்வளம் என்று வரைபடம் தெரிந்தவர்கள் தேவைப்படும் துறைகள் பல. சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், கோவை அரசு கலைக் கல்லூரி ஆகிய இடங்களில் புவியியல் துறைகள் இருக்கின்றன. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையம் வழியாகக் கட்டணமில்லாப் பயிற்சிகளையும் நடத்துகிறது.

சேரிக்கென்று ஒரு தனிப் புள்ளியை வைத்துவிட்டால் பள்ளி எவ்வளவு தூரம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று அங்கிருந்து அளந்து கேட்கலாம். வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் மாணவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இந்த வேலையைத் தொடங்கலாம்.