ஒரு ராத்திரிக்கு எத்தனை பாயிண்ட்?

மாமல்லபுரத்தில் ராத்திரி தங்கலாம் என்ற யோசனையே மறைமலைநகர்க்காரர்களுக்கு ரொம்ப நாள் வரவில்லை. செங்கல்பட்டு போய் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயில் வந்துவிடும். தூக்கில் புளிசாதம், தனியாக ஒரு பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல். அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்தில் கிடைத்த நிழலில் சாப்பாடு. வெண்ணெய் உருண்டைப் பாறையை முதுகால் தாங்குவதுபோல ஒரு போட்டோ. சங்கில் செய்த சீப்போ கண்ணாடிச் சட்டமோ வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்புகால். வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது காசைக் கொட்டி இன்னொருவர் கட்டிலில் படுப்பானேன் என்பதுதான் அன்றைய நியாயம். அதில் தப்பு சொல்லவும் இடமில்லை.

கடலோரத்தில் ஓட்டல் இல்லாமலா இருந்தது? கோவளத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் 1974-லேயே வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் மத்திய அரசின் ஐடிடிசி நடத்திய டெம்பிள் பே அசோக் இருந்தது. 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதியும் இருந்தது. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியபின் வெளிநாட்டுக்காரர் வரத்து கூடியது. ஆனால் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் கட்டடங்களை நம் ஆட்கள் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் கையை ஆட்டித் தடுக்க வேண்டிய தேவைகூட இருந்ததில்லை. யாரும் அந்தக் கேட் வரைக்கும் போனதே இல்லை.

அன்றைக்கு மிடில் கிளாஸ் குடும்பம் வெளியூரில் சல்லிசாகத் தங்கியதெல்லாம் உத்தியோகத்தின் தயவில். அரசு ஊழியருக்கு எல்டிசி என்ற பயணச் சலுகை. பொதுப்பணித் துறை பங்களாவுக்கு அதிகாரியின் கடுதாசி. பேங்கில் வேலை என்றால் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஹாலிடே ஹோம்; நாளொன்றுக்குப் பெயருக்கு ஒரு தொகை. அந்த ஹாலிடே ஹோமின் ராஜ்ஜியம் தனி. மே மாதத்து அறைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு யூனியன் செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் கூடுதலாக ஒரு வணக்கம் வைக்க வேண்டும். அறை கிடைத்தால் மச்சினன் குடும்பமும் 'டிபெண்டன்ட்' ஆகிவிடும். சமையலறை பொது என்பதால் யார் வீட்டுக் குக்கர் முதலில் ஏறுவது என்பதில் இரண்டு கிளைகளுக்கு நடுவே பகை முளைத்து ரிட்டயர்மென்ட் வரைக்கும் நீடித்த கதைகள் உண்டு.

உத்தியோகத் தயவு இல்லாதவர்களுக்கு என்று ஒரு வியாபாரம் வந்தது. 1986-ல் சென்னையில் பிறந்த ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ், 'டைம் ஷேர்' என்பதை நம் வரவேற்பறைகளுக்குள் கொண்டுவந்தது. பெருந்தொகையை முன்னால் கட்டிவிட்டால் வருடத்தில் ஒரு வாரம் உங்களுடையது. 1996-ல் மகேந்திராவும் இறங்கியது. கிளப் மகேந்திராவில் 25 வருட உறுப்பினர் சந்தா, சீசனுக்கு ஒரு நிறம். சினிமா தியேட்டரில் கூப்பன் எழுதிப் போட்டவர்களுக்கு 'நீங்கள் அதிர்ஷ்டசாலி, தம்பதியாக வாருங்கள்' என்று போன் வந்த காலம் அது. போனவர்கள் மூன்று மணி நேரப் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு கிஃப்டோடோ, வருடக்கணக்கில் நீளும் தவணையோடோ திரும்பினார்கள்.

இன்று கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்ட் இதற்கு நேர் தலைகீழ். முன்னால் கட்டுவது எதுவுமில்லை. எப்படியும் செலவழிக்கப்போகிற காசுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அல்லது, அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

கிரெடிட் கார்டு இந்தியாவுக்குப் புதிதல்ல. டைனர்ஸ் கிளப் 1961-லும் சென்ட்ரல் பேங்கின் சென்ட்ரல்கார்டு 1980-லும் வந்தன. ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்துக் கடைக்காரருக்கு அதெல்லாம் எட்டாத சமாச்சாரம். சென்னைக் கடைகளில் 90-களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கார்டை ஒரு இரும்புத் தட்டில் பதித்து, மேலே கார்பன் வைத்த சீட்டைப் பரப்பி, கைப்பிடியைக் கரகரவென்று ஒரு தடவை அந்தப் பக்கமும் ஒரு தடவை இந்தப் பக்கமும் இழுப்பார்கள். அதற்கு முன்னால் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்து, திருட்டுப்போன கார்டுகளின் நம்பர் வரிசையில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பதற்கு அந்த அரை நிமிடம் போதும். கடைசியில், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் ஜாஸ்தி ஆகும் சார்."

மறைமலைநகருக்கு கார்டைக் கொண்டுவந்தது கார். சென்னையின் நெரிசலைக் குறைக்க சிஎம்டிஏ வளர்த்தெடுத்த துணை நகரம் இது. தனித்தமிழுக்குப் போராடிய மறைமலை அடிகளின் பெயர். அடிகள் பெயர் தாங்கிய ஊரில் பாயிண்ட், ரிவார்ட், அப்கிரேட் என்றே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம், அது வேறு விஷயம். 90-களின் நடுவில் மகேந்திராவோடு கூட்டாக ஃபோர்டு வந்தது. 1999-ல் ஐகான் கார் வெளியே வந்தது. அடுத்த சில வருடங்களில் பரனூரில் மகேந்திரா சிட்டி எழுந்தது. ஜிஎஸ்டி ரோட்டின் இரு பக்கமும் உதிரிபாக கம்பெனிகள், மாதச் சம்பளம், சம்பளக் கணக்கு. சம்பளக் கணக்கு இருக்கும் இடத்தில் குடை விரித்து, மேசை போட்டு, 'லைஃப் டைம் ஃப்ரீ சார்' என்று டை கட்டிய பையன்கள் நிற்பார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பாயிண்ட் அப்போதும் உண்டு. ஆனால் அதற்கு யாரும் மாமல்லபுரத்தை நினைக்கவில்லை. வங்கி ஒரு கேட்டலாக் அனுப்பும். அதில் அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், சக்கரம் வைத்த பெட்டி. இரண்டு வருடம் சேர்த்த பாயிண்ட்டுக்கு ஒரு சாண்ட்விச் டோஸ்டர் வந்து பரணில் ஏறும்.

உலகத்தில் இந்த விளையாட்டு அதற்கும் முந்தையது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கு எழுதத் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் தங்குகிறவர்களுக்கு அதேபோல் தொடங்கின. நம் ஊரில் அதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் கம்பெனி செலவில் சுற்றிய இன்ஜினீயர்கள். ஓட்டல் பில் கம்பெனிக்கு, புள்ளி தன் பேருக்கு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகர் ஆலையில் கடைசி கார் வெளியேறியபோது கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் ஒன்றாக நின்றுபோயின. அப்படி வேலை பறிபோன சிலரிடம் ஓட்டல் கணக்கில் சேர்ந்த பாயிண்ட் மட்டும் அப்படியே இருந்தது. ஹாலிடே ஹோம் காலத்தில் இப்படி நடந்திருக்க முடியாது. வேலை போனால் அறையும் போகும். இந்த ஒரு விஷயத்தில் காலம் முன்னேறியிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். மேரியட் கணக்கில் 24 மாதம் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் அந்தப் புள்ளியும் ஆவியாகிவிடும் என்பதை மறக்காதவரைக்கும்.

இதற்குள் கடற்கரையும் மாறிவிட்டது. டெம்பிள் பேவை 2002-ல் மத்திய அரசு ஜிஆர்டி குழுமத்துக்கு விற்றது. இன்று அது ராடிசன் ப்ளூ. வடநெம்மேலியில் ஷெரட்டன் கிராண்ட், இசிஆரில் இன்டர்கான்டினென்டல். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த பூஞ்சேரி ஃபோர் பாயின்ட்ஸும் மேரியட் குடும்பம்தான். பரனூரிலேயே ஃபேர்ஃபீல்ட் வந்துவிட்டது. அதாவது, உலகத்து ஓட்டல் சங்கிலிகள் கிட்டத்தட்ட எல்லாமே மறைமலைநகரில் இருந்து மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரக் கார் பயணத்துக்குள். 2023 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி மேரியட்டோடு சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டது. இந்தியாவில் ஓட்டல் பெயரிலேயே வந்த முதல் கார்டு. வருடக் கட்டணம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிலுக்கு 15,000 பாயிண்ட் வரை மதிப்புள்ள ஓர் இரவு இலவசம். கேட்டலாக்கில் இருந்து கட்டிலுக்கு வந்து சேர்ந்தோம்.

சேர்ப்பதில் ஒரு குடும்பமே இறங்கும். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் இன்ஷூரன்ஸ் பிரீமியம், தங்கை கல்யாணத்துக்கு வாங்கும் ஃபிரிட்ஜ், எல்லாம் ஒரே கார்டில். "மாமா, நீங்க கேஷ் குடுக்காதீங்க, நான் தேய்ச்சிடறேன், அப்புறம் ஜிபே பண்ணிடுங்க" என்கிற குரல் கல்யாண ஜவுளிக் கடையில் கேட்டால், அங்கே ஒரு பாயிண்ட்காரர் இருக்கிறார் என்று அர்த்தம். 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்க விட்டபின் காய்கறிக் கடை க்யூஆரும் இதில் சேர்ந்தது. அதே வருடம் டாடா நியூ கார்டு வந்தது. அதில் சேரும் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய், தாஜ் ஓட்டல்களிலும் செல்லும். தள்ளுவண்டியில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டின் பைசா கணக்கு, கோவளத்தில் பழைய பஸ் ஜன்னல் வழியே பார்த்த அதே ஃபிஷர்மேன்ஸ் கோவ் வரைக்கும் போய்ச் சேர வழி பிறந்துவிட்டது. மாதத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் கொத்தமல்லியை மட்டும் நம்பிப் போக முடியாது.

இந்த நாணயத்தை அச்சடிப்பவர் வங்கி. மதிப்பைக் குறைப்பவரும் அவரே. பாயிண்ட்காரர்கள் ஆக்ஸிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டைப் பற்றிப் பேசும்போது குரல் கம்மும். மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயிண்ட் போனஸ். ஐந்து கொடுத்தால் நான்காக ஓட்டல், விமானக் கணக்குக்கு மாறும். 2023 செப்டம்பர் 1 முதல் போனஸ் எடுக்கப்பட்டது. ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு இரண்டாயிற்று. ஒரே இரவில் சேமிப்பு பாதி. ரூபாய்க்கு இப்படி நடந்தால் நாடு கொந்தளிக்கும். இங்கே ஒரு ஈமெயிலோடு முடிந்தது. சொந்தக்காரருக்கே கார்டில் 'வாடகை' அனுப்பிப் பாயிண்ட் பார்த்தவர்களுக்கு 2022 கடைசியில் ஒரு சதவீதக் கட்டணம் வந்தது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குப் பிறகு ஆப்கள் அந்த வாசலையே அடைத்தன. ஓட்டல்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. அறைக்கு இத்தனை பாயிண்ட் என்று மேரியட் வைத்திருந்த நிலையான பட்டியல் 2022-ல் போய்விட்டது. செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை, சனிக்கிழமைக்கு ஒரு விலை, பொங்கல் லீவுக்குக் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பாயிண்ட் எங்கிருந்து வருகிறது என்றால், கொஞ்சம் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கமிஷனில் இருந்து. இன்னும் கொஞ்சம், மினிமம் டியூ மட்டும் கட்டிவிட்டு மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல், அதாவது வருடத்துக்கு 42-க்கும் மேல், வட்டி கட்டுகிறவரிடம் இருந்து. 2024 தொடக்கத்தில் நாட்டில் கிரெடிட் கார்டு எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. கார்டு வைத்திருக்கும் அத்தனை பேரும் கடல் பார்த்த அறையில் தூங்கப்போவதில்லை. நான் பார்த்தவரை, பாயிண்ட்டைத் துரத்தி மாதாமாதம் முழுப் பில்லையும் கட்டுகிறவர் ஷெட்யூல் போட்டு வாழ்கிறவர். அவருடைய ராத்திரிக்குப் பக்கத்து லைனில் வேலை செய்யும் இன்னொருவரின் வட்டி போகிறது. ஹாலிடே ஹோம் காலத்துச் சலுகையில் இந்த உறுத்தல் இல்லை.

ஆனாலும் மனம் செய்யும் வேலை ஒன்று உண்டு, அதுதான் இந்த மாற்றத்தின் சாரம் என்று நினைக்கிறேன். 12,000 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சொன்னால் எந்த மறைமலைநகர் வீட்டிலும் பர்ஸ் திறக்காது. அதே அறையைப் பாயிண்ட்டில் என்றால் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். சிக்கனத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, தன் காசைத் தனக்காகச் செலவழிக்க ஒரு சாக்கு தேவைப்படுகிறது. முன்பு அது யூனியன் செயலாளரின் கையெழுத்து. உள்ளே போனபின்னும் பழைய ரத்தம் விடுவதில்லை. செக்-இன் கவுன்டரில் டெபாசிட்டுக்குக் கார்டு கேட்டால் முகம் சுருங்கும். ரூம் சர்வீஸ் மெனுவில் காபி விலையைப் பார்த்த அம்மா, வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். அறையில் இருக்கும் கெட்டிலில் வீட்டு டிகாக்ஷன் சூடாகும். புளிசாதம் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போன மாதம் நடந்த வாக்குவாதம். அந்த அம்மா கேட்டார்: "இந்தப் பாயிண்ட்ட கார்டு பில்லுலயே கழிச்சுக்க முடியாதா?"

"கழிக்கலாம். ஆனா பாயிண்ட்டுக்கு முப்பது பைசாதான் தருவான். ஓட்டல் போட்டா ஒரு ரூபா."

"அப்போ முப்பது பைசா பொருளத்தான் ஒரு ரூபான்னு இத்தன நாளா சொல்லிட்டிருந்தீங்களா?"

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஓட்டல் போட்டாயிற்று. சனிக்கிழமை பாயிண்ட் கட்டுப்படியாகாததால் செவ்வாய்க்கிழமை. ஆறாம் வகுப்பு படிக்கும் பையனின் லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள்.