பூசணிக்காய் எறிபொறிகள்

ஒக்டோபர் 31ஆந் திகதி அமெரிக்க மக்கள் ஹலோவீன் என்னும் விழாவைக் கொண்டாடுவர். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வீட்டு வாயிலில் வைப்பது அவ்விழாவின் வழக்கம். விழாக் கழிந்த வார இறுதியில் அக்காயைத் தாமே கட்டிய பொறிகளால் வயல்வெளியில் எறிந்து, எவர் காய் நெடுந்தூரம் செல்லும் எனப் பார்க்கும் போட்டியொன்றை டெலவெயர் மாநிலத்துச் சசெக்ஸ் மாவட்டத்தார் 1986ஆம் ஆண்டில் தொடங்கினர். நாளடைவில் அஃது ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருவிழாவாயிற்று. வருவாயினின்று மாணவர்க்குப் புலமைப்பரிசில்களும் வழங்கப்பட்டன.

விதிகள் சிலவே. காயின் நிறை 8 முதல் 10 இறாத்தல் வரை இருத்தல் வேண்டும். வெடிமருந்து ஆகாது. பொறியை விட்டு நீங்குங்கால் காய் முழுதாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றாம் விதியிலேதான் இவ்விளையாட்டின் நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது. வலிய விசையை உண்டாக்குதல் அரிதன்று. அவ்விசையைப் பூசணிக்காய் தாங்குதலே அரிது.

கல்லூரியில் எறியங்களைப் பற்றிக் கற்றோர் இதனை எளிதிற் கணித்தறியலாம். வளித்தடை இல்லையெனவும், காய் 45 பாகை சாய்வில் எறியப்படுகின்றதெனவும், குழலினுள் ஆர்முடுகல் சீரானதெனவும் கொள்வோம். அப்பொழுது, செல்லும் தூரத்தைக் குழல் நீளத்தின் இருமடங்கால் வகுக்க வருவதே, காயின் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப்போல் எத்தனை மடங்கு என்பதாகும். 2013ஆம் ஆண்டில் இப்போட்டியில் ஒரு காற்றுப் பீரங்கி எய்திய தூரம் 4,694.68 அடி. குழல் 100 அடியாயின் விடை ஏறத்தாழ 23½. குழல் 10 அடியாயின் 235. அதாவது, 9 இறாத்தற் காயின்மீது ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தை ஏற்றியதற்கு ஒப்பாகும். காய் குழலினுள்ளேயே கூழாகிவிடும். வளித்தடையையும் சேர்த்தால் வேண்டப்படும் வேகம் இன்னும் மிகும். ஆதலின் அமுக்கிய காற்றால் இயங்கும் பீரங்கிகளுக்கு நூறடி வரை நீண்ட குழல்கள் அமைக்கின்றனர். தடித்த தோலுடைய வெண்ணிறக் கஸ்பர் இனக் காய்களையும் தேடிப் பயிரிடுகின்றனர். வானில் வெடித்துச் சிதறும் காயைப் 'பை' என்பர். அது பூசணிக்காயில் அவர்கள் சுடும் இனிய பண்டத்தின் பெயர்.

2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் யூற்றா மாநிலத்து மோவாப்பில் ஒரு காய் 5,545.43 அடி சென்றது. ஒரு மைலுக்கும் மேல். ஆயின் மோவாப் கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே வளி அடர்த்தி குறைந்தது, தடையும் குறைவு. டெலவெயரோ கடலோரத் தாழ்நிலம். இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் நேரிதன்று.

என் உள்ளத்தைக் கவர்வது பீரங்கியன்று, எதிர்நிறைக் கவண்பொறியே. 1304இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட் ஸ்ரேளிங் கோட்டையை முற்றுகையிட்டபோது கட்டுவித்ததும் இவ்வகையே. கவண் நமக்கும் புதிதன்று. சிலப்பதிகாரம் மதுரையின் மதிற்பொறிகளுள் அதனையும் எண்ணுகின்றது. எதிர்நிறைப் பொறியில், நெம்புகோலின் குறுங்கையிற் பெரும்பாரம் தொங்கும். நெடுங்கையின் நுனியிற் கவண்கயிறு. பாரம் விழ நெடுங்கை எழும். கவண் அதனினும் விரைந்து சுழலும். உரிய கணத்திற் கயிற்றின் ஒரு முனை கொளுக்கியினின்று நழுவக் காய் விடுபடும். கொளுக்கியைச் சிறிது நிமிர்த்தினாற் காய் முந்தி விடுபட்டு மேனோக்கிப் போகும். சிறிது மிகுதியாக வளைத்தால் பிந்தி விடுபட்டுத் தாழ்ந்து செல்லும். சம்மட்டியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுவதிலே வெற்றி தோல்வி அடங்கும்.

காற்றுப் பீரங்கி அவ்வாறு கண்காணத்தக்கதன்று. தேக்கிய அமுக்கம் வெளியே தோன்றாது. 2016ஆம் ஆண்டு நவம்பரில், டெலவெயர்ப் போட்டியில், ஒரு பீரங்கியின் உலோகக் கதவு பெயர்ந்து பறந்து இருவரைத் தாக்கியது. அவருள் ஒரு பெண் படுகாயமுற்றார். அதற்கு முன்னரே, காப்புறுதி கிட்டாமையால், 2015ஆம் ஆண்டுப் போட்டி நடைபெறவில்லை. விபத்தின்பின் 2017இலும் 2018இலும் போட்டி நின்றது. 2019இல் அது மீண்டும் நடந்தது. டெலவெயரிலன்று, இலினோய் மாநிலத்து ரன்ரூலில்.