கயிறும் கார்பன் இழையும்

பொள்ளாச்சித் தென்னைநார்க் கயிறு இழுத்தால் தாங்கும், தள்ளினாலோ துவண்டுவிடும். தலைமுடியினும் மெல்லிய கார்பன் இழையும் அவ்வாறே. அதன் வலிமை நீளவாக்கில்தான் உள்ளது. ஆகவே, இழைகளைப் பல திசைகளில் அடுக்கி, துவளாதபடி எபாக்சிப் பிசினால் பிணைத்து, சூடாக்கி இறுகச் செய்கின்றனர்.

எஃகின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7.8; இப்பொருளுக்கோ சுமார் 1.6தான். 2008 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் பி.எம்.எக்ஸ். பந்தயத்தில், மேடுகளைத் தாவும் சைக்கிளின் பிரேமுக்கு இது ஏற்றது. எடை குறைவு, மிதிக்கும் ஆற்றல் பிரேமை வளைப்பதில் வீணாவதில்லை.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. அடிபட்டால் எஃகு வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் பிரேமிலோ உள்ளடுக்குகள் பிரிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். பின்னர் திடீரென முறியலாம். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல், பிரேமை நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் ஒலி மழுங்கினால், வல்லுநர் சோதிக்கும்வரை ஏறாதீர்கள்!