இறந்தவர் விட்டுச்சென்ற துவக்கு: உரித்தாளர் செய்யவேண்டியவை

பயிரைக் காக்கும்பொருட்டு அநுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருந்த கமக்காரர் ஒருவர் இறந்தால், அவருடைய காணியும் வீடும் மாடும் முதுசொமாகப் பிள்ளைகளைச் சேருகின்றன. துவக்கும் பெறுமதியுள்ள பொருளாதலின் மரணச்சொத்தில் அடங்கும். ஆனால் அதனைக் கையில் வைத்திருக்கும் உரிமை பிள்ளைகளைச் சேருவதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் அநுமதி ஓர் ஆளுக்கே வழங்கப்படுகிறது. வீட்டுக்கோ வயலுக்கோ அன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால், குற்றம் செய்யும் எண்ணம் சிறிதுமில்லாத குடும்பங்கள் வழக்கிற் சிக்க நேரிடலாம்.

தாமதத்தால் வரும் கேடு

அநுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. டிசம்பர் 31ஆந் திகதியுடன் முடிவடைவது. பெரும்போக நெல் வயலில் நின்று, காட்டுப்பன்றியின் தொல்லை மிகும் காலமும் அதுவே. பன்றி வயலில் இறங்கிய இரவில், தந்தையின் துவக்கை மகன் எடுத்துச் செல்ல எண்ணுவது இயல்பு. பத்திரம் முடிவடைய இன்னும் சில மாதங்கள் உள்ளன என்று அவன் கருதவுங்கூடும். அக்கருத்துத் தவறானது. தந்தையின் பெயரிலுள்ள பத்திரம் மகனுக்கு ஒருநாளும் உதவாது. ஆகவே அந்தியேட்டி முடியட்டும், கத்தம் முடியட்டும், சொத்துப் பங்கீடு முடியட்டும் என இக்காரியத்தை ஒத்திப்போடலாகாது.

முதலிற் செய்யவேண்டியவை

மரணம் நிகழ்ந்ததும் கிராம அலுவலருக்கும் அண்மையிலுள்ள பொலிசு நிலையத்துக்கும் துவக்கு இருப்பதை அறிவித்தல் வேண்டும். அதனை எவ்வாறு ஒப்படைப்பது என்பதைப் பொலிசாரிடமே கேட்டறிந்து அதன்படி நடத்தல் நன்று. முன்னறிவித்தலின்றித் துவக்கைத் தெருவழியே எடுத்துச் செல்லலாகாது. ஒப்படைக்கும்போது துவக்கின் இலக்கம், வகை, எஞ்சிய தோட்டாக்களின் தொகை ஆகியன குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுதல் அவசியம். துவக்கிற் பொறித்த இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றாயுள்ளனவா என அவ்வேளையிலேயே பார்த்தல் வேண்டும். பற்றுச்சீட்டைக் காணி உறுதியுடன் சேர்த்துப் பேணுக.

பழைய துவக்கின் ஆபத்து

பரணிலோ பெட்டியிலோ நெடுங்காலம் கிடந்த துவக்கு எதுவாயினும், அதில் வெடிமருந்து உள்ளதென்றே கொள்ளவேண்டும். குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துவக்கில், பல ஆண்டுகளுக்கு முன் இட்ட மருந்து வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். அதனைக் கிண்டி எடுக்கவும், சுட்டு வெறுமையாக்கவும் முயலலாகாது. தோட்டா இடும் துவக்காயின், பழக்கமுள்ள ஒருவர் குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, விசையிற் கைபடாது மடித்துத் திறந்து பார்க்கலாம். பழக்கமில்லாதோர் தொடாது விட்டுப் பொலிசாருக்குச் சொல்லுதலே தகும். குழலினுள் குளவி கட்டிய மண்ணோ துருவோ அடைத்திருந்தால், சுடும்போது குழல் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் சிதைக்கும். ஈரத்தில் ஊறிய தோட்டாக்களை அடுப்பிலோ கிணற்றிலோ போடாது, அவற்றையும் ஒப்படைக்கவேண்டும்.

துவக்கைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால்

உரித்தாளருள் ஒருவர் தம் பெயரில் அநுமதி கோரி மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். மரண அத்தாட்சிப் பத்திரம், பழைய அநுமதிப்பத்திரம், பொலிசாரின் பற்றுச்சீட்டு, பயிரிடும் காணி பற்றிய சான்று, ஏனைய உரித்தாளரின் எழுத்துமூலமான சம்மதம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருப்பின் அலுவல் இலகுவாகும். விண்ணப்பம் கொடுத்ததனால் அநுமதி கிடைத்ததாகாது. பத்திரம் கைக்கு வரும்வரை துவக்கு பொலிசார் காவலிலேயே இருத்தல் வேண்டும். உரித்தாளரிடையே பிணக்கிருப்பினும் அக்காவலே யாவருக்கும் பாதுகாப்பு. எவருக்கும் துவக்கு வேண்டாவிடின், அதனை முறைப்படி கைமாற்றுவது அல்லது அரசாங்கத்திடம் கையளிப்பது பற்றிச் செயலகத்தில் விசாரிக்கலாம். அயலவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தலும், இரகசியமாக விற்றலும், குழலைக் கழற்றிப் பொறித்துவக்குச் செய்தலும் குற்றங்களாகும். பொறித்துவக்கு பன்றியையும், அதிகாலையில் வயலுக்குச் செல்லும் மனிதனையும் வேறுபிரித்து அறியாது.

இடைக்காலத்தில் பயிர்க்காவல்

துவக்கில்லாத போகத்தில் அடுத்தடுத்த வயற்காரர் ஒன்றுசேர்ந்து முறைவைத்துக் காவலிருத்தல் சிறந்தது. பன்றி நுழையும் தடங்களைப் பகலிலே கண்டு, அவ்விடங்களில் வேலியை நிலமட்டத்திலிருந்து நெருக்கமாக அடைக்கவேண்டும். பன்றி வேலியைத் தாண்டுவதிலும் அடியால் நுழைவதே அதிகம். காவற்பரணில் வெளிச்சமும் தகர ஒலியும் வைத்து, அவற்றின் இடத்தை அடிக்கடி மாற்றினால் விலங்குகள் எளிதிற் பழகிவிடமாட்டா.

ஒரு போகத்தில் சில மரைக்கால் நெல் குறையலாம்; அடுத்த போகத்தில் அதனை ஈடுசெய்யலாம். அநுமதியில்லாத துவக்கினால் வரும் சிறைத்தண்டனையையோ, தவறி வெடித்த வெடியால் போன உயிரையோ எந்த விளைச்சலாலும் ஈடுசெய்ய முடியாது.